49 சதுர கிலோமீட்டர் பனியும் மூன்று நூற்றாண்டு ஆசையும்

1955-ன் தொடக்கத்தில் 'டிரான்ஸ்வால்' என்ற தென்னாப்பிரிக்கப் போர்க்கப்பல், தெற்கு அட்லாண்டிக்கின் அடிக்கோடியில் கிடக்கும் புவே தீவுக்குப் போனது. அங்கே வானிலை நிலையம் கட்ட இடம் கிடைக்குமா என்று பார்த்து வருவதுதான் அதற்குக் கொடுத்த வேலை. தோதான இடம் எதுவும் அகப்படவில்லை. செங்குத்தான கரும்பாறை, அதன் மேல் பனி, அடியில் மோதும் அலை, அவ்வளவுதான். மூன்று ஆண்டு கழித்து 1958-ன் தொடக்கத்தில் 'வெஸ்ட்விண்ட்' என்ற அமெரிக்கப் பனியுடைப்புக் கப்பல் அதே தீவின் மேற்குக் கரைப் பக்கம் வந்தபோது, பாறையின் காலடியில் புதிதாக ஒரு தரை கிடந்தது. இடைப்பட்ட காலத்தில் என்றோ ஒருநாள் மலைச்சரிவின் ஒரு பகுதி உடைந்து இறங்கிக் கடலோரத்தில் மேடாகப் படிந்திருக்கிறது. எரிமலைக் குழம்பு வழிந்து உறைந்தது என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகு பாறைச்சரிவு என்று தெளிவாயிற்று. அது விழுந்த நாளையும் நேரத்தையும் சொல்ல அங்கே ஆள் யாரும் இல்லை.

நார்வேக்காரர்கள் அந்தத் தரைக்கு நைரோய்சா என்று பெயர் வைத்தார்கள். இன்று அந்தத் தீவில் மனிதர் ஓரளவு பத்திரமாகக் கால் வைக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். அதையும் கடல் ஓயாமல் அரித்துக்கொண்டிருக்கிறது.

உலகத்திலேயே மிகத் தனிமையான தீவு எது என்று கேட்டால் புவியியலாளர்கள் புவேயைத்தான் சொல்வார்கள். தென் அட்சம் 54 பாகையைச் சற்றுத் தாண்டி, கிழக்குத் தீர்க்கம் 3 பாகைக்கு அருகே இருக்கிறது. பக்கத்து நிலம் என்று சொல்லக்கூடியது அண்டார்க்டிகாவின் குயின் மாட் லேண்ட் கரை. அதுவே தெற்கே சுமார் 1,700 கிலோமீட்டர், ஏறக்குறைய சென்னையிலிருந்து டெல்லிக்குள்ள தூரம். தென்னாப்பிரிக்காவின் முனை சுமார் 2,600 கிலோமீட்டர். தீவின் பரப்பு வெறும் 49 சதுர கிலோமீட்டர். அதில் 93 விழுக்காடு பனியாற்றின் அடியில் புதைந்திருக்கிறது. உச்சியான ஒலாவ்டாப்பென் 780 மீட்டர் உயரம். அதன் மீது மனிதர் முதன்முதலாக ஏறியது 2012-ல்தான். எவரெஸ்ட்டின் உச்சியை மனிதர் தொட்டு அதற்குள் 59 ஆண்டுகள் ஓடிவிட்டன என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தத் தீவு எவ்வளவு ஒதுங்கி இருந்திருக்கிறது என்பது புரியும்.

வடக்கே இதே அட்சத்தில் இருப்பது வட இங்கிலாந்து. அங்கே புல்வெளியில் ஆடு மேய்கிறது. புவேயில் பாசியும் லைக்கனும் தவிர வேர்விட்ட செடி ஒன்றுகூட இல்லை. அண்டார்க்டிக்கைச் சுற்றி ஓடும் குளிர்ந்த நீர், வடக்கிலிருந்து வரும் சற்று வெதுவெதுப்பான நீரைச் சந்திக்கும் எல்லைக் கோடு ஒன்று கடலில் உண்டு. புவே அந்தக் கோட்டுக்குத் தெற்கே விழுந்துவிட்டது. வெப்பம் ஆண்டு முழுவதும் உறைநிலையை ஒட்டியே நிற்கிறது. மேகமும் மூடுபனியும் விலகும் நாட்கள் குறைவு. உண்மையில் அந்தத் தீவு ஓர் எரிமலை. நடு அட்லாண்டிக் மலைத்தொடர், தென்மேற்கு இந்தியப் பெருங்கடல் மலைத்தொடர், அமெரிக்க-அண்டார்க்டிக் மலைத்தொடர் ஆகிய மூன்றும் கடலடியில் கூடும் சந்திக்குச் சற்றுக் கிழக்கே அது எழுந்து நிற்கிறது. தென்னமெரிக்க, ஆப்பிரிக்க, அண்டார்க்டிக் கண்டத்தட்டுகள் பிரிந்து விலகும் இடம் அது. எரிமலையின் வாயில் பனி நிரம்பி ஒரு பீடபூமியாகிவிட்டது. அங்கிருந்து பனியாறுகள் நாலாபுறமும் இறங்கி, கடலோரத்தில் சுவர்போல வெட்டுப்பட்டு நிற்கின்றன.

ஆளில்லாத தீவுக்கு வரலாறு இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். புவேக்கு வரலாறு உண்டு. ஆனால் அது முழுக்க முழுக்கத் தொலைவில் இருந்தவர்களின் தேவைகளால் ஆனது. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டியதை அந்தப் பனியில் தேடியது. இல்லாததைக்கூட வரைபடத்தில் போட்டுக்கொண்டது. அதை அதன்போக்கில் விட்டுவிடலாம் என்ற முடிவுக்கு வர 232 ஆண்டுகள் ஆயின. அந்த முடிவு இன்னமும் கரையோடு நின்றுவிட்டது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

கதை தொடங்குவது நமக்குத் தெரிந்த ஓர் ஊரின் வணிகத்தில். 1730-களில் புதுச்சேரிக்குச் சரக்குக் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்த பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு பெரிய குறை. ஆப்பிரிக்காவின் முனையைச் சுற்றும் கப்பல்களுக்கு நடுவழியில் தண்ணீரும் காய்கறியும் ஏற்றிக்கொள்ள ஒரு சொந்தத் துறை இல்லை. நன்னம்பிக்கை முனை டச்சுக்காரர் கையில் இருந்தது. கம்பெனியின் இளம் கப்பல் அதிகாரி ஜான்-பாப்டிஸ்ட் சார்ல் புவே தெ லொசியே ஒரு யோசனை சொன்னார். 1504-ல் கோன்வில் என்ற நார்மண்டி மாலுமி தெற்கே ஒரு வளமான நாட்டைக் கண்டதாகப் பழங்கதை உண்டு. அதைக் கண்டுபிடித்துவிட்டால் கம்பெனிக்குத் துறைமுகமும் ஆயிற்று, பிரான்சுக்குப் புது நாடும் ஆயிற்று என்பது அவர் வாதம். ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி இரண்டு ஆண்டுகூட ஆகாத 1738 ஜூலையில், 'ஏகில்', 'மாரி' என்ற இரு கப்பல்களோடு லோரியான் துறையிலிருந்து புவே புறப்பட்டார்.

1739 ஜனவரி 1 அன்று பிற்பகலில், மூடுபனிக்கு நடுவே, பனி போர்த்திய உயரமான நிலம் ஒன்று தெரிந்தது. கிறித்தவ நாட்காட்டியில் அன்று இயேசுவின் விருத்தசேதனத் திருநாள். ஆகவே அந்த முனைக்கு விருத்தசேதன முனை என்று பெயரிட்டார். தீவு என்று அவர் நினைக்கவே இல்லை; தான் தேடி வந்த தென்கண்டத்தின் நுனி இது என்றே எண்ணினார். பன்னிரண்டு நாள் போலச் சுற்றிச் சுற்றிப் பார்த்தும் மூடுபனி விலகவில்லை, கரையிறங்க வழியில்லை, மாலுமிகள் நோயில் விழுந்தார்கள். கடைசியில் கப்பலை வடக்கே திருப்பினார். கோன்வில் கதையின் பசுமையான நாட்டைத் தேடிப் போனவருக்குக் கிடைத்தது பனிப்பாறையும் பென்குயினும்.

இதே புவே பத்து ஆண்டுக்குள் சோழமண்டலக் கரைக்கும் வந்தார். 1748 ஜூனில், பிரெஞ்சுக்காரர் பிடித்து வைத்திருந்த சென்னைக்குத் துணைப்படையும் வெள்ளிப் பணமும் கொண்டுவந்தவர் அவர்தான். கடலூர் தேவனாம்பட்டினத்துக்கு எதிரே காவல் நின்ற ஆங்கிலத் தளபதி கிரிஃபினின் கப்பல்களுக்குப் போக்குக் காட்டிவிட்டு இரவோடு இரவாகச் சென்னைக்குப் போய்ச் சரக்கை இறக்கினார். கர்நாடகப் போர்களின் பக்கங்களில் அவர் பெயர் ஒரு வரியில் வந்து போகிறது. உலக வரைபடத்தில் நிலைத்தது அவர் இறங்க முடியாத அந்தத் தீவால்தான்.

நிலைத்தது என்று சொன்னாலும், அது லேசில் நடக்கவில்லை. கடலில் அட்சத்தைச் சூரியனின் உயரத்தை வைத்துக் கணிக்கலாம். தீர்க்கத்துக்குத் துல்லியமான நேரம் வேண்டும், ஆடும் கப்பலில் பிசகாமல் ஓடும் கடிகாரம் வேண்டும். 1739-ல் அப்படி ஒரு கடிகாரம் யாரிடமும் கிடையாது. புவே குறித்த தீர்க்கம் பல பாகைகள் கிழக்கே தள்ளிப்போய்விட்டது. அந்த அட்சத்தில் ஒரு பாகை என்பது சுமார் 65 கிலோமீட்டர். தீவோ கப்பல் தளத்திலிருந்து பார்த்தால் மூடுபனியில் மறைந்துபோகும் அளவு. ஜேம்ஸ் குக் தன் இரண்டாம் பயணத்தில் முதல் வேலையாகத் தேடவேண்டியது அந்த முனையைத்தான் என்று ஆங்கிலேயக் கடற்படை உத்தரவிட்டிருந்தது. கடிகாரக் கலைஞர் ஹாரிசனின் கடல் கடிகாரத்தைப் பார்த்துச் செய்த நல்ல கடிகாரம் ஒன்று அவரிடம் இருந்தது. 1772-ன் கடைசியில் தேடினார், 1775-ல் திரும்பும் வழியில் மறுபடி தேடினார். கிடைக்கவில்லை. புவே கண்டது நிலமே அல்ல, பெரிய பனிப்பாறைதான் என்று எழுதிவைத்தார். சரியான கருவியோடு போனவர் தவறான எண்ணைப் பின்பற்றினார். கருவி இல்லாதவர் கண்ணால் கண்டது உண்மையாகவே நிலம். குக்கின் சொல்லுக்கு அப்போது இருந்த மதிப்பில், உண்மையான தீவு ஒன்று ஏறக்குறைய வரைபடத்தை விட்டே அழிந்துபோயிற்று.

1808-ல் எண்டர்பி நிறுவனத்தின் திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவர் ஜேம்ஸ் லிண்ட்சே அதை மறுபடி கண்டார், தன் பெயரையே வைத்தார். 1822-ல் இறங்கி சீல் வேட்டையாடியதாக பெஞ்சமின் மோரெல் என்ற அமெரிக்கர் எழுதினார். அவருடைய விவரிப்பில் அந்தத் தீவின் முதன்மையான அடையாளமான பனி இடம்பெறவே இல்லை. அதனால் அவர் சொன்னதை நம்புவார் குறைவு.

1825 டிசம்பரில் நடந்ததுதான் சுவாரசியமானது. எண்டர்பியின் இன்னொரு கப்பல் தலைவர் ஜார்ஜ் நோரிஸ் ஒரு தீவைக் கண்டு லிவர்பூல் தீவு என்று பெயரிட்டு, மன்னர் நான்காம் ஜார்ஜின் பெயரால் கொடி நாட்டச் செய்தார். சில நாளிலேயே அதற்கு வடகிழக்குப் பக்கமாக இன்னொரு தீவையும் கண்டதாகக் குறித்தார்: தாம்சன் தீவு. 1893-ல் ஜோசஃப் ஃபுல்லர் என்ற அமெரிக்க சீல் வேட்டைக்காரரும் அதைப் பார்த்ததாகச் சொன்னார். அதன்பிறகு யாரும் பார்க்கவில்லை. 1898 நவம்பரில் கார்ல் சுன் தலைமையில் போன ஜெர்மனியின் 'வால்டிவியா' ஆழ்கடல் ஆய்வுக் கப்பல், புவே தீவின் இடத்தை முதன்முறையாகச் சரியாகக் குறித்தது. அதற்குள் 160 ஆண்டு ஆகிவிட்டிருந்தது. அதே பயணத்தில் தாம்சனையும் தேடினார்கள். வெறும் கடல்தான் இருந்தது. இடையில் எரிமலை வெடித்து அது மூழ்கியிருக்கலாம் என்றுகூடப் பிற்காலத்தில் ஒருவர் வாதாடினார்; ஆனால் அந்த இடத்தில் கடலின் ஆழம் அதற்கு இடம் கொடுப்பதாக இல்லை. பனிப்பாறையையோ மேகத்தையோ நோரிஸ் தீவு என்று எண்ணியிருப்பார். அப்படியும் தாம்சன் தீவு இருபதாம் நூற்றாண்டு வரை வரைபடங்களில் தங்கியிருந்தது. குக் ஒருவர் இல்லை என்று சொன்னதற்காக இருக்கும் தீவு சந்தேகத்துக்கு ஆளானது. நோரிஸ் ஒருவர் உண்டு என்று சொன்னதற்காக இல்லாத தீவு நூறாண்டு பிழைத்தது. வரைபடம் என்பது நிலத்தின் படம் என்று பள்ளியில் படிக்கிறோம். அதை யார் சொன்னார், அவர் சொல்லுக்கு என்ன மதிப்பு என்பதும் அதில் சேர்ந்தே அச்சாகிறது.

அந்தப் பொய்த் தீவு ஒரு பேரரசின் உரிமையையும் அசைத்தது. 1927 டிசம்பர் 1 அன்று 'நோர்வேகியா' என்ற நார்வேக் கப்பல் ஹரால்ட் ஹோர்ண்ட்வெட் தலைமையில் புவேக்கு வந்து, ஏறக்குறைய ஒரு மாதம் தங்கி, நார்வேக்கொடியை ஏற்றியது. செலவு முழுக்க சாண்டெஃப்யோர்ட் நகரத்துத் திமிங்கில எண்ணெய் முதலாளி லார்ஸ் கிறிஸ்டென்சனுடையது. அந்நாளில் ஐரோப்பாவின் சோப்பும் மார்கரினும் திமிங்கிலக் கொழுப்பில் ஓடின. தெற்குக் கடலின் வேட்டைத் தளங்களில் பெரும்பாலானவை பிரிட்டனின் பிடியில் இருந்தன, உரிமத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும். கிறிஸ்டென்சனுக்குத் தேவைப்பட்டது பிரிட்டனுக்குச் சொந்தமில்லாத ஒரு கால் வைக்கும் இடம். லண்டன் 1825-ஐக் காட்டி எதிர்ப்புத் தெரிவித்தது. நோரிஸ் கொடி நட்டது எந்தத் தீவில், லிவர்பூலிலா தாம்சனிலா என்ற கேள்விக்கு லண்டனிடம் உறுதியான பதில் இல்லை. கடைசியில் பிரிட்டன் விட்டுக்கொடுத்தது. 1930 பிப்ரவரியில் நார்வே நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அதைத் தன் சார்பு நிலமாக்கிக்கொண்டது. யாரும் வாழாத, யாரும் வாழ முடியாத இடத்துக்கு ஓஸ்லோவின் நீதித்துறை அமைச்சகம் பொறுப்பாயிற்று.

திமிங்கில வேட்டைக்குப் புவே கடைசிவரை பயன்படவே இல்லை. துறை அமைக்க இடமில்லை, கட்டிய சிறு குடிசைகளும் காற்றில் நிற்கவில்லை. கிறிஸ்டென்சனின் தொழில் தாய்க்கப்பலிலேயே எண்ணெய் காய்ச்சும் முறைக்கு மாறிவிட்டது. அதன்பின் நீலத்திமிங்கிலங்களுக்கு நேர்ந்தது உலகம் அறிந்தது.

1964 ஏப்ரல் முதல் வாரத்தில் நடந்த ஒன்றை மட்டும் சற்று அருகில் நின்று பார்க்கவேண்டும். பிரிட்டிஷ் கடற்படையின் 'புரொடெக்டர்' கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில், ஆலன் க்ராஃபர்ட் தலைமையில் ஒரு சிறு குழு நைரோய்சாவில் இறங்கியது. கையில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான அவகாசம். அங்கே சிறு உப்பங்கழி ஒன்றில் சீல்களுக்கு நடுவே ஒரு படகு மிதந்துகொண்டிருந்தது. பாதி தண்ணீர் நிறைந்திருந்தது, ஆனால் உடையவில்லை. பாய்மரம் இல்லை, எஞ்சின் இல்லை. எந்த நாட்டுக் கப்பலுடையது என்று சொல்லும் பெயரோ எண்ணோ இல்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு ஜோடி துடுப்பு, சில மரத்துண்டுகள், ஓர் இரும்புப் பீப்பாய், படகை மிதக்கவைக்கும் செப்புத் தொட்டி ஒன்று. அந்தத் தொட்டியை யாரோ ஏதோ ஒரு தேவைக்காகப் பிளந்து தட்டையாக்கியிருந்தார்கள். கூடாரமோ சாம்பலோ சடலமோ கண்ணில் படவில்லை. நேரம் முடிந்து குழு திரும்பிவிட்டது. சில ஆண்டு கழித்து வந்தவர்கள் படகைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

இதை மர்மக்கதையாக்கிச் சொல்பவர்கள் ஏராளம். பெரும்பாலும் பொருந்தும் விளக்கம் சோவியத் ஆவணங்களில் இருக்கிறது. 1958 நவம்பரில் 'ஸ்லாவா-9' என்ற சோவியத் திமிங்கில வேட்டைக் கப்பலிலிருந்து ஒரு குழு புவேயில் இறங்கி, புயலில் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டு, பிறகு ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டது. படகை அங்கேயே விட்டுவிட்டார்கள். எனக்கு மர்மத்தைவிட அந்தத் தட்டையான செப்புத் தகடுதான் மனத்தில் நிற்கிறது. குளிரில் சிக்கிய யாரோ ஒருவர், அடுப்புக்கு மறைப்பாகவோ தலைக்கு மேல் கூரையாகவோ, கையில் கிடைத்ததை வைத்து வேலை செய்திருக்கிறார். இந்தத் தீவில் மனித வாழ்வு என்பது இதுவரை அந்த அளவுதான்.

நிலையாக ஏதாவது வைக்க நினைத்தவர்களுக்கும் இதே பாடுதான். 1977-ல் தானியங்கி வானிலைக் கருவி வைத்தார்கள். 1996-ல் கன்டெய்னர் பெட்டிகளைக் கொண்டு நார்வே ஓர் ஆய்வுக் குடிலை எழுப்பியது. 2006-ல் வந்த நிலநடுக்கம் அதன் அடித்தளத்தை ஆட்டிவிட்டது, குளிர்காலப் புயல் மிச்சத்தையும் கொண்டுபோயிற்று. 2007-ல் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தபோது குடிலைக் காணவில்லை. 2014-ல் புதிதாக ஒன்று கட்டினார்கள். ஆறு பேர் சில மாதம் தங்கலாம். அவர்களின் வேலை பென்குயினையும் ரோமச் சீலையும் எண்ணுவது.

ஆளில்லாத கடல் என்றால் இன்னொரு வகை ஆசையும் பிறக்கும். 1979 செப்டம்பர் 22 அன்று புவேக்கும் பிரின்ஸ் எட்வர்ட் தீவுகளுக்கும் இடைப்பட்ட பகுதியில் அமெரிக்காவின் வேலா செயற்கைக்கோள் ஓர் இரட்டை ஒளிவீச்சைப் பதிவு செய்தது. அணுகுண்டுச் சோதனையின் அடையாளம் அது. தென்னாப்பிரிக்காவும் இஸ்ரேலும் சேர்ந்து செய்தது என்று நம்பும் வல்லுநர்கள் பலர். இரு நாடுகளும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. சாட்சி சொல்ல ஆளில்லாத இடத்தைத் தேடுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட கடல் தோதாக இருக்கிறது. தொலைவு ஓர் இடத்தைத் தானாகவே காப்பாற்றிவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பதற்கு எனக்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

1971 டிசம்பரில் நார்வே புவேயையும் அதன் கரையோரக் கடலையும் இயற்கைக் காப்பகமாக அறிவித்தது. அந்தத் தீவைப் பற்றி மனிதர் எடுத்த முடிவுகளிலேயே மிகச் சிறந்தது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். எண்ணெய்க்காகப் பிடித்த நிலத்தை, பிடித்த நாடே காப்பகமாக்கியது. வேட்டையில் அழிவின் விளிம்புக்குப் போன அண்டார்க்டிக் ரோமச் சீல்கள் இன்று பெருங்கூட்டமாகக் குட்டி ஈனும் இடங்களில் புவேயும் ஒன்று. நைரோய்சா சுருங்கச் சுருங்க, சின்ஸ்ட்ராப் பென்குயினும் மக்ரோனி பென்குயினும் அதே துண்டு நிலத்துக்காகச் சீல்களோடு நெருக்கியடிக்கின்றன. அது அவற்றின் வழக்கு, நாம் தலையிட வேண்டியதில்லை.

நாம் தலையிட வேண்டியது வேறு இடத்தில். அண்டார்க்டிக் ஒப்பந்தம் 60 பாகைக்குத் தெற்கே மட்டும்தான் செல்லும். 54 பாகையில் இருக்கும் புவே அதற்கு வெளியே, நார்வேயின் சட்டம் ஒன்றையே நம்பி நிற்கிறது. அந்தச் சட்டமும் கரையோரக் கடலோடு முடிகிறது. அந்தச் சீலும் பென்குயினும் இரை தேடுவது அதற்கு வெகு தொலைவில், க்ரில் என்ற, இறால் போன்ற சிறு உயிரி திரளும் திறந்த கடலில். அங்கே பொறுப்பு, 1982-ல் நடைமுறைக்கு வந்த அண்டார்க்டிக் கடல்வாழ் வளப் பாதுகாப்பு உடன்படிக்கையின் ஆணையத்துக்கு. உலகில் க்ரில் பிடிப்பதில் முன்னணியில் நிற்கும் நாடு நார்வே. தன் தீவில் சீலைக் காக்கும் அதே நாடுதான் சீலின் உணவுக்கு வலை வீசுவதிலும் முதல். இன்றைக்குப் பிடிப்பு பெரும்பாலும் அண்டார்க்டிக் தீபகற்பத்தின் பக்கம்தான் நடக்கிறது, புவேயைச் சுற்றி அல்ல. ஆனால் கடல் சூடேறி க்ரில் இடம்பெயர்ந்தால் கப்பல்களும் பின்னால் வரும். திமிங்கில எண்ணெய்க் காலத்தில் கப்பல்கள் அப்படித்தான் ஒரு கடலை முடித்துவிட்டு அடுத்த கடலுக்குப் போயின.

ஆணையம் ஆண்டுதோறும் ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் கூடுகிறது. ஒரு உறுப்பினர் மறுத்தாலும் முடிவு இல்லை. இதுவரை இரண்டே பெரிய காப்புப் பகுதிகள் நிறைவேறின: 2009-ல் தெற்கு ஆர்க்னி தீவுகளின் தெற்குத் திட்டு, 2016-ல் ராஸ் கடல். வெட்டெல் கடலுக்கான முன்மொழிவு ரஷ்யாவும் சீனாவும் இணங்காததால் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடக்கிறது. இந்தியா அந்த ஆணையத்தில் 1980-களிலிருந்தே உறுப்பினர். புவேக்குத் தெற்கே, குயின் மாட் லேண்டில், நம் மைத்ரி நிலையம் 1989 முதல் இயங்குகிறது. வெட்டெல் கடலையும் கிழக்கு அண்டார்க்டிகாவையும் காப்பதற்கு 2021-ல் இந்தியா ஆதரவு தெரிவித்தது. அந்த ஆதரவை அறிக்கையோடு நிறுத்தாமல், தடுக்கும் நாடுகளிடம் நேரடியாகப் பேசும் இடம் இந்தியாவுக்கு உண்டு. இரண்டு நாடுகளோடும் பிரிக்ஸ் மேசையில் ஒன்றாக உட்காருகிறோம். வெட்டெல் கடலோடு, புவேயைச் சுற்றிய இரைதேடும் கடலையும் க்ரில் கப்பல்கள் வந்து சேர்வதற்கு முன்பே காப்புக்குள் கொண்டுவரும்படி நார்வேயிடம் கேட்கவேண்டும். அங்கே இன்னும் யாருடைய பிழைப்பும் அந்தக் கடலை நம்பி இல்லை. அந்த நிலைமை மாறிவிட்டால் இதே கோரிக்கை பத்து மடங்கு கடினமாகும்.